மேல விழுந்த தண்ணி

1

"…ஞானின்னு ஒரு சீட்டு எழுதுதா. தெரியாமச் செஞ்சதுன்னு இன்னொரு சீட்டு எழுதுதா. ரெண்டுல எதுட்டி நான்?" என்று போன் திரைக்குள்ளிருந்து கேட்டாள் செண்பகம் அக்கா.

அவள் தென்காசியில் தன் ஃபிளெக்ஸ் கடையில் இருந்தாள். பின்னால் மிஷின் ஒரு காதுகுத்து பேனரை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. குழந்தையின் முகம் இன்னும் பாதிதான் வந்திருந்தது. அதற்குள் மேல்வரிசைத் தாய்மாமன்கள் முழுசாக வந்துவிட்டார்கள். நான் ராட்டர்டாமில் என் சமையலறையில் இருந்தேன். சன்னலுக்கு வெளியே தூறல். நெதர்லாந்தில் வருஷம் முழுக்கச் சாரல் உண்டு, அருவிதான் கிடையாது. மலையே இல்லாத நாட்டில் அருவிக்கு எங்கே போவது?

"ரெண்டும் வேண்டாம்னா மூணாவதா ஒண்ணு நீயே சொல்லுக்கா. வார வெள்ளிக்கிழமை தொறக்குதாங்க" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்? எம் படத்தப் போடுங்கன்னு நானாப் போய்க் கேட்டேனா?"

கேட்கவில்லைதான். யாருமே கேட்கவில்லை. அதுதான் இந்த விவகாரத்தின் அழகு.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரைப் பார்க்க நம் ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்குப் போவது போல உடுத்திக்கொண்டு வந்த காலத்தில், தென்காசியில் நாங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு பொம்மைப் படம் செய்தோம். மூன்று நிமிஷம்கூட ஓடாது. அதில் குற்றாலத்து அருவி கீழே விழாது. பாறையில் மேல்நோக்கி ஏறும். இங்கே ஒரு காட்சிக்கூடம், உலகத்தின் மூலை முடுக்கில் ஆரம்ப காலத்தில் செய்த இந்த மாதிரிப் படங்களையெல்லாம் சேர்த்துக் காட்டப்போகிறது. எங்கள் படமும் அதில் ஒன்று. செண்பகம் அக்கா 'சரி' என்று சொன்னால் போடுவார்கள். சொல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லை வாங்கித் தருவதற்காக நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். தபால்காரர் பிழைப்பு எவ்வளவோ தேவலை. அவர் கடிதத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

2

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. முதலாளியை எல்லாருமே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வாசுதேவநல்லூரில் அவருக்கு அரிசி மில் உண்டு. கம்ப்யூட்டரையும் ஒரு மில் என்றேதான் கடைசிவரை நினைத்திருந்தார். "இந்தப் பக்கம் நெல்லக் கொட்டுதோம், அந்தப் பக்கம் அரிசி வருது. நடுவுல என்ன நடக்குன்னு நமக்கு என்னத்துக்கு?" என்பார். செருப்பை வெளியே விடாமல் உள்ளே வந்தவர்களிடம், "மிஷினு இருமும் வே" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்.

அக்கா கணக்கில் பட்டம் வாங்கியவள், அங்கே டீச்சர். நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். எனக்கு யாரும் எதையும் முறையாகக் கற்றுக்கொடுத்ததில்லை. இன்றைக்குப் பேசுகிற டச்சுகூட இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடி காதால் வாங்கியதுதான்.

அண்ணாச்சிக்கு ஓர் ஆசை வந்தது. சீசன் சமயத்தில் குற்றாலத்தில் நடக்கும் விழா மேடையில் நம்ம சென்டர் செய்த படத்தைப் போட வேண்டும். பார்க்கிறவர்கள் மறுநாளே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கதையும் அவரே சொன்னார். ஒரு குரங்கு, குளிக்க வந்தவரின் எண்ணெய்ப் பாட்டிலைப் பிடுங்கி, உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு அருவிக்கடியில் போய் நிற்கிறது. அவ்வளவுதான். குரங்குக்கு நிறம் கொடுத்தது நான், குரல் கொடுத்ததும் நான். தண்ணீர் அக்காவின் பாடு.

குரங்கு லேசு. உருண்டையும் குழாயும் சேர்த்தால் குரங்கு. தண்ணீருக்கு உருவம் ஏது? சென்னையிலிருந்து யாரோ கொண்டுவந்த சிடியில் இருந்த மென்பொருளில் தண்ணீருக்கென்று ஒன்றும் கிடையாது. அக்கா முதல் பஸ்ஸில் குற்றாலம் போய், பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குளிக்காமல் அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். பின்னால் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏட்டி, குளிக்கதுன்னா குளி, இல்லன்னா எடத்த விடு. தண்ணிய என்ன பொண்ணா பாக்க வந்திருக்க?" ஈரப் பாவாடையோடு திரும்பி வந்து, "அது துணி மாதிரி விழலட்டி. கயிறு கயிறா வருது. பாறையில பட்ட பெறவுதான் பஞ்சாகுது" என்பாள். அப்புறம் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் மெல்லிய வெள்ளைக் குச்சிகளை வரைந்து, ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு கணக்குப் போட்டு, எங்கே வேகம், எங்கே தயக்கம் என்று ஓட்டிப் பார்ப்பாள். ஒரே ஒரு ஃபிரேம் உருவாகி வருவதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்துவிடலாம். அதற்குள் கரண்டு போனால் திரும்பவும் முதலிலிருந்து. கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே வைத்திருந்தோம். எங்களுக்குக் காற்று கிடையாது.

3

இனிமேல்தான் அந்த ஒரு சொல்.

அருவி எப்படி விழ வேண்டும் என்று கேட்க அக்கா அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அவர் மில்லில் இருந்தார். பின்னால் மிஷின் இரைச்சல், அதனால் போனிலும் கத்திக்கொண்டுதான் பேசினார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"பாக்குதவன் பெஞ்சுல இருந்து எந்திரிச்சிரணும், கேட்டியா? தண்ணி மேல விழணும்."

"மேலயா அண்ணாச்சி?"

"மேலதான். பெறவு எங்கன விழும்?"

"அது எப்பிடி அண்ணாச்சி நடக்கும்?"

"கம்ப்யூட்டர்ல நடக்காததுன்னு ஒண்ணு உண்டுமா? சொன்னதச் செய்யி."

பார்க்கிறவர்களின் மேலே தண்ணீர் விழுவது போல இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் தலையில் சாரல் அடிக்கிற மாதிரி. அக்கா கேட்டது 'மேல்நோக்கி' என்று. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே 'மேல'தான். அவள் ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டாள், அவர் மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். இதில் யாரைக் குற்றம் சொல்வது? கம்ப்யூட்டர் என்றால் அதிசயம் காட்ட வேண்டும் என்று முதலாளி விரும்புகிறார் போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள். போட்டு வைத்திருந்த கணக்கையெல்லாம் அழித்துவிட்டு, ஏறுகிற தண்ணீருக்குப் புதிதாகக் கணக்குப் போட்டாள்.

இதைக் கவனிக்க வேண்டும். விழுகிற படத்தைத் திருப்பி ஓட்டவில்லை அவள். புதிதாகச் செய்தாள்.

படம் முடியவும் விழா நாள் வரவும் சரியாக இருந்தது. அண்ணாச்சியே மேடையில்தான் முதலில் பார்த்தார். குரங்கு எண்ணெய் தேய்த்ததும் கூட்டம் சிரித்தது. அருவிக்கடியில் போய் நின்றதும் தண்ணீர் பாறையைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தது. முன்வரிசைக்காரர்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏலே, மோட்டாரப் போட்டுட்டாம்லே." அதோடு முடிந்தது. மைதானமே உருண்டு சிரித்தது. அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "சென்டர் பிள்ளைங்க படத்தத் தலைகீழாப் போட்டுட்டாவ, மன்னிக்கணும்" என்றார். படத்தின் தொடக்கத்தில் தயாரிப்பு, இயக்கம், கதை என்று எல்லா இடத்திலும் அவர் பெயர்தான் இருந்தது. தலைகீழாகப் போட்டதற்கு மட்டும் 'பிள்ளைகள்'.

அன்றிலிருந்து அவள் 'மோட்டார் செண்பகம்'. கடைத்தெருவில், பஸ்ஸில், அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாயில்கூட. நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அவள் அந்தப் பெயரோடு அங்கேயே இருந்தாள்.

ஆனால் படம் சாகவில்லை. உள்ளூர் கேபிள்காரர் நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவே அதைப் போட்டுத் தள்ளினார். சீசனில் "தண்ணி விழுதா?" என்று கேட்டால், "மேல விழுதான்னு கேக்கேளா, கீழ விழுதான்னு கேக்கேளா?" என்று பதில் வரும். கேரள எல்லையில் புளியறைச் செக்போஸ்ட்டில் லாரிக்காரர்கள்வரை இந்தப் பேச்சு ஓடியது. இலத்தூர் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில் சீரியல் செட் போட்டவர், அருவி விளக்கைக் கீழிருந்து மேலே ஓடவிட்டார். சனங்கள் கைதட்டினார்கள். அடுத்த வருஷம் சுற்றுவட்டாரம் முழுக்க விளக்கு அருவிகள் மேலேதான் ஏறின. இன்றைக்கும் ஏறுகின்றன. ஏன் என்று போடுகிறவருக்கே தெரியாது.

4

என் மகள் தாரணி இங்கே பிறந்தவள். அருவிக்கு டச்சில் 'வாட்டர்வல்' என்பார்கள். சின்ன வயதில் அவள் அதைப் பாதி மொழிபெயர்த்து 'தண்ணிவால்' என்பாள். நான் சிரித்துவிட்டேன் என்பதற்காக அந்தச் சொல்லோடு சேர்த்துத் தமிழையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். இப்போது என்னிடம் பேசுவது பெரும்பாலும் தோளைக் குலுக்குவதில்தான். நான் தமிழில் ஒரு பாரா பேசினால் அவள் டச்சில் ஒரு சொல் தருவாள். அனிமேஷன் படிக்கிறாள். அதில் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், "சொன்னா புரியாது" என்பாள். நான் குரங்கு செய்தவள் என்பதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அம்மாக்கள் சொல்கிற கதைகளில் ஒன்று என்று காதில் வாங்கவில்லை.

போன மாதம் கல்லூரியிலிருந்து வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"அம்மா, குரங்கு நீயா?"

இரண்டு பொருளில் எடுத்துக்கொள்ளலாம். கோபப்படுவதா என்று ஒரு நொடி யோசித்தேன். வகுப்பில் ஒரு படத்துண்டு போட்டார்களாம். இந்தியாவில் எங்கோ, யாரோ, பெயர் தெரியாதவர் செய்தது. கேபிள் டிவியிலிருந்து யாரோ பதிவு செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். மாணவர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டு ஏறுகிற மழை, ஏறுகிற ஆறு என்று செய்து பார்க்கிறார்களாம். தாரணி அருவியைக் கவனிக்கவில்லை. குரங்கு, எண்ணெய்ப் பாட்டில்காரரைப் பார்த்து உறுமியதைத்தான் கவனித்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் போட்டால் இந்த வீட்டில் கேட்கிற அதே உறுமல்.

அவள் ஆசிரியரிடம் சொல்ல, ஆசிரியர் காட்சிக்கூடத்து அம்மையாரிடம் சொல்ல, என் தலை உருள ஆரம்பித்தது.

அந்த அம்மையார் நல்லவர். இந்த நாட்டில் சளி பிடித்தால்கூட அப்பாயின்ட்மென்ட் வேண்டும். அவர் அது இல்லாமலே வீடு தேடி வந்தார். வந்து, "நீர் மலைக்குத் திரும்புகிறது. புவியீர்ப்பையே மறுக்கிறது. எவ்வளவு துணிச்சல்" என்றார். நான் 'மேல' கதையைச் சொன்னேன். இவர்கள் மொழியில் 'மேற்புறமாக' என்பதற்கு ஒரு சொல், 'ஒருவர் மீது' என்பதற்கு வேறொரு சொல். ஒன்றை எடுத்து மற்றதன் டப்பாவில் போட முடியாது. அவருக்கு விளங்கவே இல்லை. விளக்குகிற வேகத்தில், "எங்கள் ஊரில் மேற்குத் திசைக்கும் மேல என்றுதான் சொல்வோம், மலை அந்தப் பக்கம் இருப்பதால்" என்று தேவையில்லாமல் வாயை விட்டேன். அவர் கண் விரிந்தது. "அப்படியானால் நீர் மேற்குலகை நோக்கி வருகிறது" என்று எழுதிக்கொண்டார். நெற்றியைக் கையால் அறைந்துகொண்டேன். அதையும் ஏதோ சடங்கு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாடு. தண்ணீரை மேலே ஏற்றிக்கொட்டாவிட்டால் இவர்கள் படுக்கையிலேயே முழுகிவிடுவார்கள். அவர் பார்த்துவிட்டு, "இதில் என்ன அதிசயம்? என் வாழ்நாளெல்லாம் இதைத்தான் செய்தேன்" என்றார். குற்றாலத்துப் பின்வரிசைக்காரருக்கு இங்கே ஓர் அண்ணன் இருக்கிறார்.

படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுவதற்கு அம்மையார் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். செண்பகம் புவியீர்ப்பை மறுத்த கலைஞர் என்று. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் எதையும் மறுக்கல. சொன்னதச் செஞ்சேன்" என்றாள். சரி, அது தவறுதலாக நடந்தது என்று நான் எழுதிக் கேட்க, இரண்டாவது குறிப்பு வந்தது: 'ஒரு மகிழ்ச்சியான பிழை'. அதையும் படித்துக் காட்டினேன். அதன் பிறகு நான்கு நாள் அவள் என் போனை எடுக்கவில்லை.

5

எடுத்தபோதுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி.

"ரெண்டுல எதுட்டி நான்? இங்கன உள்ளவனுக்கு நான் மோட்டாரு. அங்கன உள்ளவளுக்கு நான் சாமியாரு. எல்லாரும் மேலயா கீழயான்னுதான் பேசுதாவ. போட வேண்டாம்னு சொல்லிரு. என்னைய விட்டுருங்க."

"யக்கா, கீழ வரிசையில நடுவுல உள்ளது நாந்தான். என் மீசைய மட்டும் கொஞ்சம் கறுப்பாக்குங்களேன்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பேனருக்காகக் காத்திருந்த தாய்மாமன்.

"இருங்க வே. மீசை எங்கயும் ஓடிராது."

எனக்கு அலுத்துவிட்டது. ஒரு மாதமாக இரண்டு பக்கமும் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். வேண்டாம் என்றே எழுதிவிடலாம், எனக்கும் நிம்மதி. ஆனால் எழுதிவிட்டால் அந்தப் படம் மறுபடியும் பெயர் தெரியாத யாரோ செய்ததாகிவிடும். அவளுக்குக் கடைசிவரை மோட்டார்தான் மிச்சம்.

ரொட்டியைக் கடித்தபடி பக்கத்தில் நின்ற தாரணி, திடீரென்று என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஆன்ட்டி. தண்ணி… கனமா இருக்கு."

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். "என்ன சொல்லுதா இவ?"

"அது ஒண்ணுமில்லக்கா, அவ தமிழ்…" என்று நான் குறுக்கே போனேன்.

"நீ சும்மா இரிட்டி. அவ சொல்லட்டும்."

தாரணி ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். "மேல போகுது. ஆனா கனம் போகல. பாறையில நிக்குது, பிடிக்குது, பின்ன ஏறுது. கஷ்டப்பட்டு. நாங்க எல்லாரும் செஞ்சோம், கிளாஸ்ல. எங்களுக்கு வரல. என்னோடது பஞ்சு. சும்மா பறக்குது."

இத்தனை வருஷத்தில் சிரித்தவர்களும் சரி, புகழ்ந்தவர்களும் சரி, தண்ணீர் போன திசையைத்தான் பார்த்தார்கள். கூடவே உட்கார்ந்திருந்த நானும் அப்படித்தான். அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று அவளிடம் யாரும் பேசியதில்லை.

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "எல்லா எடத்துலயும் கனம் இருக்கா?"

தாரணி யோசித்தாள். நான் அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டு, "இல்ல. இடது பக்கம், கடைசியில, இல்ல" என்றாள்.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆமா" என்றாள் அக்கா. குரலே மாறியிருந்தது. "அங்கன எனக்கு வரல பிள்ள. என்னென்னமோ செஞ்சு பாத்தேன். அது தப்புதான். அது எந் தப்பு." தன் தப்பை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அப்போ அந்தச் சீட்டுக்கா?" என்றேன், சந்தர்ப்பத்தை விடாமல்.

"தண்ணீர், செண்பகவல்லின்னு எம் முழுப்பேரப் போடச் சொல்லு. அவ்வளவு போதும். மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

"அப்போ படத்தப் போடலாம்லா?"

"அதான் சொல்லிட்டேம்லா" என்றாள் அக்கா. எழுந்து போய் மிஷினை நிறுத்தினாள். பேனர் அந்தத் தாய்மாமனின் கழுத்தோடு நின்றது. "யக்கா, சாயங்காலம் கட்டணும்லா" என்று அவர் இழுத்தார். "கட்டலாம் வே, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினாள். இரைச்சல் அடங்கியதும் போனை மேஜையில் எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "சரி, ஒன் பஞ்சக் காட்டு, பாப்போம்" என்றாள் தாரணியிடம்.